தண்ணீர் சேராத மாவு: வீட்டில் நெய் பிஸ்கட்

சப்பாத்திக்கும் பூரிக்கும் மாவு பிசைந்து பழகிய கை, பிஸ்கட்டுக்கு மாவு கலக்க உட்கார்ந்தாலும் முதலில் தண்ணீர்ச் செம்பைத்தான் தேடும். மாவு திரளாமல் உதிரியாக நிற்பதைப் பார்த்தவுடன் இரண்டு கரண்டி தண்ணீரோ பாலோ தெளித்துச் சேர்த்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், வீட்டில் செய்த பிஸ்கட் கல்லாக இறுகிவிட்டது என்று வருந்துகிறவர்களிடம் செய்த முறையை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு கரண்டி எங்கோ ஓரிடத்தில் உள்ளே நுழைந்திருக்கும். விரைவாகவும் எளிதாகவும் செய்யக்கூடியது என்று நான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது நெய் பிஸ்கட்டைத்தான். வடக்கே நான்கட்டாய் என்று அழைக்கப்படுவதும், நம் ஊர் டீக்கடைகளின் கண்ணாடி ஜாடிகளில் வெண்ணெய் பிஸ்கட் என்ற பெயரில் அடுக்கப்பட்டிருப்பதும் ஏறக்குறைய இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மைதா, சர்க்கரை, நெய் ஆகிய மூன்றும்தான் இதற்கு அடிப்படை. மாவு சேர்க்க 10 நிமிடம், உருட்டி அடுக்க 10 நிமிடம், வேக 15 முதல் 18 நிமிடம் போதும். அதன்பின் ஆறுவதற்கு மட்டும் அரை மணி நேரம் விட வேண்டும்.

தண்ணீர் ஏன் கூடாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகவே விளங்கிவிடும். கோதுமையிலிருந்து வரும் மைதாவில் கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. மாவு உலர்ந்திருக்கும் வரை இவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டு, கையும் பட்டுப் பிசையத் தொடங்கியவுடன் இவை இரண்டும் பிணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் வலையாக மாறுகின்றன. பரோட்டா மாஸ்டர் வீசி இழுக்கும்போது மாவு கிழியாமல் மெல்லிதாக விரிவதற்கும், ரொட்டிக்குள் காற்று தங்குவதற்கும் அந்த வலைதான் காரணம். பிஸ்கட்டுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. கடித்த இடத்தில் இழுபடாமல் பொடிய வேண்டும். நாக்கில் பட்டவுடன் கரைய வேண்டும். நெய் மாவுத் துகள்களின் மேல் படிந்துகொண்டு, ஈரம் புரதத்தைச் சென்று சேராதபடி தடுக்கிறது. வலை உருவாகாமலே போகிறது. ஆகவே நெய் பிஸ்கட்டில் நெய் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை, அதன் கட்டமைப்பே நெய்யைச் சார்ந்துதான் இருக்கிறது.

இதே காரணத்தால்தான் முதன்முதலில் செய்கிறவர்களுக்கு வெண்ணெயைவிட நெய்யே நல்லது என்று சொல்கிறேன். கடையில் வாங்கும் வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும், தண்ணீர் 16 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 100 கிராம் வெண்ணெயைச் சேர்க்கும்போது, நமக்குத் தெரியாமலே ஒரு மேசைக்கரண்டி அளவுக்குத் தண்ணீரும் மாவுக்குள் போகிறது. நெய்யிலோ ஈரம் அரை விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வெண்ணெயில் செய்தால் பிஸ்கட் நன்றாக வராது என்று இதற்குப் பொருளல்ல. மேற்கத்திய நாடுகளில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு என்ற எடைக் கணக்கில் செய்யப்படும் ஷார்ட்பிரெட் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கே கை இன்னும் மெதுவாகப் புழங்க வேண்டும். நெய் நமக்கு அந்தக் கவலையைக் குறைத்துவிடுகிறது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். மைதா 120 கிராம், கடலை மாவு 30 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம், நெய் 85 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, நான்கு ஏலக்காய்களின் பொடி. உருகிய நெய்யாக அளந்தால் ஏறத்தாழ 95 மில்லி வரும். இந்த அளவுக்கு நெல்லிக்காய்ப் பருமனில் 20 பிஸ்கட்டுகள் கிடைக்கும். கிராமில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கப்பில் மைதாவைக் கரண்டியால் தளர அள்ளிப் போட்டால் 120 கிராம் நிற்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 150 கிராம் வரை நிற்கும். குழம்பிலோ கூட்டிலோ இந்த வேறுபாட்டைக் கடைசியில் சரிசெய்துகொள்ளலாம். பிஸ்கட்டில் அதற்கு வழியில்லை. சமையலறையில் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் பிஸ்கட்டுக்கு மட்டுமன்றி இட்லி மாவுக்கும் ஊறுகாய்க்கும்கூட அது உதவும். தராசு இல்லாதவர்கள் மாவைச் சலித்து, கரண்டியால் தளரக் கப்பை நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு அளக்க வேண்டும்.

கடலை மாவு எதற்கு என்று கேட்கலாம். அதில் குளூட்டன் கிடையாது என்பதால் பிஸ்கட் இன்னும் இலகுவாகப் பொடியும். அதோடு, வேகும்போது நெய்யில் கடலை மாவு வறுபடும் மணம், மைதா மட்டும் இருந்தால் ஒருபோதும் வராது. கொஞ்சம் நறநறப்பு விரும்புகிறவர்கள் ஒரு மேசைக்கரண்டி மைதாவைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஈடாக வறுத்த ரவையைச் சேர்க்கலாம்.

இனி நெய்யின் பதம். செய்முறை எழுதுகிறவர்கள் பலரும் விட்டுவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் நம் வீட்டு நெய் பாட்டிலில் எண்ணெயாகவே இருக்கும். மார்கழியில், அதுவும் மலைப்பக்கத்து ஊர்களில், கரண்டி இறங்காமல் உறைந்திருக்கும். இரண்டுமே பிஸ்கட்டுக்கு உதவாது. உருகிய நெய்யை ஊற்றினால் அது மாவை நனைத்துக்கொண்டு ஒழுகும், அடுப்புச் சூட்டில் பிஸ்கட்டுகள் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கெட்டியாக உறைந்த நெய் மாவோடு சீராகக் கலக்காது. வேண்டியது இடைப்பட்ட நிலை: விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளவென்று வழியக்கூடாது. உருகிய நெய்யை அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை கிளறிவிட்டால் இந்தப் பதம் வந்துவிடும். வெண்ணெய் காய்ச்சி எடுத்த வீட்டு நெய்யாக இருந்தால் மணல்மணலாக உறையும். அதன் மணம் கடை நெய்யைக் காட்டிலும் பிஸ்கட்டில் நன்றாகத் தெரியும். நெய்யில் சிறிதளவு சிக்கு வாடை இருந்தாலும் வேண்டாம். தாளிப்பில் மறைந்துவிடும் அந்த வாடை, பிஸ்கட்டில் மறைவதற்கு இடமே இல்லை.

சர்க்கரையைப் பொடித்துத்தான் போட வேண்டும் என்பதற்கும் தண்ணீர் இல்லாததே காரணம். கேசரியிலும் பாயசத்திலும் சர்க்கரை கரைவதற்கு ஈரம் இருக்கிறது, இங்கே இல்லை. முழுச் சர்க்கரையைப் போட்டால் கடைசிவரை மணிமணியாக நின்று பல்லில் நெருடும். மிக்ஸியில் ஏலக்காயையும் உடன் போட்டு நைசாக அரைத்து, சல்லடையில் ஒரு முறை சலித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி ஜார் கழுவி ஈரம் காயாமல் இருந்தால் சர்க்கரை கட்டிபட்டுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அகலமான பாத்திரத்தில் நெய்யைப் போட்டு, சலித்த சர்க்கரையைச் சேர்த்து, மர அகப்பையாலோ கையாலோ ஒரே பக்கமாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். முதலில் மஞ்சளாகவும் கனமாகவும் இருக்கும் கலவை, மூன்று நான்கு நிமிடங்களில் நிறம் வெளுத்து, பொங்கினாற்போல் இலகுவாகிவிடும். சர்க்கரைத் துகள்கள் நெய்க்குள் இழுத்துக்கொண்டு வரும் காற்றுதான் அந்த வெளுப்புக்குக் காரணம். அந்தக் காற்றுக் குமிழ்கள் அடுப்பில் விரிந்து பிஸ்கட்டை உள்ளே இலேசாக்கும். அவசரப்படாமல் செய்ய வேண்டிய இரண்டு இடங்களில் இது ஒன்று, மற்றொன்று ஆறவைப்பது.

மைதாவையும் கடலை மாவையும் உப்பையும் ஒன்றாகச் சலித்து, மூன்று தடவையாக இந்தக் கலவையில் சேர்த்து, விரல் நுனிகளால் மட்டும் கலந்துவிட வேண்டும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கக்கூடாது. சரியான பதம் எது என்று கேட்டால், நம் வீடுகளில் எல்லோருக்கும் கை அறிந்த புட்டு மாவுப் பதத்தைத்தான் சொல்வேன்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உருட்டும்போது உருண்டையின் ஓரம் சிறிது வெடித்தால் அது நல்லதுதான். நான்கட்டாயின் மேலே தெரியும் அழகிய கீறல்கள் அதிலிருந்துதான் வருகின்றன. உருண்டையே பிடிபடாமல் உடைந்து போனால் ஒரு தேக்கரண்டி நெய்யைச் சேருங்கள். தண்ணீர் வேண்டாம், பாலும் வேண்டாம். மாவு கையில் ஒட்டி வழவழப்பாக இருந்தால் மேலும் மைதாவைக் கொட்டாமல், பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நெய் இளகியிருந்ததே அங்கே குறையாக இருந்திருக்கும்.

சோடா உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்ப சோடா என்று நாம் சொல்லும் சமையல் சோடா, தயிர் போன்ற புளிப்பான பொருள் ஒன்றோடு சேர்ந்தால்தான் முழுமையாக வேலை செய்து வாயுவை வெளியிடும். புளிப்பு இல்லாத நெய் பிஸ்கட்டில் அதை அள்ளிப் போட்டால், மிச்சம் நிற்கும் சோடாவின் காரத்தன்மை சோப்பு போன்ற ஒரு சுவையை நாக்கில் விடும். நிறமும் தேவைக்கு மேல் சிவந்துவிடும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்கு வேண்டிய அமிலமும் கலந்தே வருகிறது. விரும்பினால் அதைக் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். நான் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. நெய்யையும் சர்க்கரையையும் நன்றாகத் தேய்த்திருந்தால் அதற்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உருட்டும் வேலையைக் குழந்தைகளிடம் தயங்காமல் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் 15 கிராம் எடையில், நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உள்ளங்கையில் வைத்து இலேசாகத் தட்டி, நடுவில் ஒரு முந்திரித் துண்டையோ சாரைப் பருப்பையோ பதிக்க வேண்டும். அளவு ஒன்றுபோல் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. பெரியதும் சிறியதுமாக இருந்தால் சிறியது கருகும் நேரத்தில் பெரியது உள்ளே வேகாமல் இருக்கும். வட்டமாக வெட்டியெடுக்க விரும்பினால், தட்டைக்குச் செய்வதைப் போல் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே மாவை வைத்து, சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரின் விளிம்பால் அழுத்தி எடுக்கலாம். வெட்டிய வட்டங்களில் முள்கரண்டியால் இரண்டு மூன்று இடங்களில் குத்திவிட்டால் உள்ளே தங்கும் நீராவி வெளியேறி, பிஸ்கட் உப்பாமல் சமமாக நிற்கும்.

ஓடிஜி என்னும் சிறிய மின் அடுப்பு உள்ளவர்கள் மேலும் கீழும் உள்ள இரு சூட்டுக் கம்பிகளையும் இயக்கி, 160 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, நடு அடுக்கில் வைக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் நெய் மணம் அடுப்பறையில் பரவும். அப்போது திறக்க வேண்டாம். 13 நிமிடத்துக்குமேல் கடலை மாவு வறுபடும் மணம் எழும். அதன்பின் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். மேற்பக்கம் சிவக்கும் வரை காத்திருந்தால் அடிப்பக்கம் கருகிவிடும். கத்தி நுனியால் ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்: அடி இளம்பொன் நிறத்தில் இருந்து, மேல் வெளிறியே இருந்தால் அதுதான் எடுக்கும் நேரம். மின்விசிறியோடு இயங்கும் கன்வெக்ஷன் அடுப்பாக இருந்தால் சூட்டை 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கன்வெக்ஷன் வசதி இல்லாத சாதாரண மைக்ரோவேவில் இந்த பிஸ்கட் சரியாக வராது. மேற்பரப்பை வறட்டிச் சிவக்கச் செய்யும் உலர்ந்த சூடு அதில் கிடைப்பதில்லை.

ஓடிஜி இல்லாத வீடுகளே அதிகம். அவர்களுக்கு அடிகனமான பழைய இரும்புச் சட்டியோ, புழக்கத்தில் இல்லாத பெரிய அலுமினியப் பாத்திரமோ போதும். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணையோ கம்பி வளையமோ வைத்து, சரியாகப் பொருந்தும் மூடியால் மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிட வேண்டும். பிறகு நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் பிஸ்கட்டுகளை அடுக்கி உள்ளே இறக்கி, தீயை மிகவும் குறைத்து, 20 முதல் 25 நிமிடம் வேகவிடலாம். உப்பு, அடுப்பின் தீயை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பிக் கொடுக்கிறது. மணலையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு முறை காய்ந்த உப்பைச் சமையலுக்கு எடுக்காமல் தனி டப்பாவில் போட்டு, அடுத்த முறையும் இதற்கே வைத்துக்கொள்ளலாம். இங்கே சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் தட்டு கனமானதாக இருப்பது நல்லது. மெல்லிய தட்டாக இருந்தால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கரில் செய்வதாக இருந்தால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஆயினும், அன்றாடம் பருப்பு வேகவைக்கும் குக்கரைத் தண்ணீரில்லாமல் இப்படிக் காயவைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை; நாளடைவில் அதன் அடிப்பகுதி கோணி, மூடி பொருந்தாமல் போகலாம். நான்ஸ்டிக் பாத்திரத்தை இதற்கு அறவே தொடக்கூடாது.

அடுப்பிலிருந்து எடுத்தவுடன் பிஸ்கட் மெத்தென்று இருக்கும்; விரலால் தொட்டால் உடையும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் உள்ளே வைத்துவிடுகிறவர்கள் பலர். உள்ளே நெய் உருகியும் சர்க்கரை இளகியும் இருக்கும் நிலை அது. ஆற ஆற இரண்டும் இறுகி, மாவுத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் மொறுமொறுப்பு பிறக்கிறது. தட்டிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு காற்றுப் படும்படி ஒரு கம்பித் தட்டுக்கோ பெரிய சல்லடைக்கோ மாற்றி, முழுவதும் ஆறும்வரை தொடாமல் வைக்க வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சுற்றி நிற்கும் வீட்டில் இந்த அரை மணி நேரம்தான் செய்முறையிலேயே கடினமான பகுதி என்பதை அறிவேன். ஆனால் சூடான பிஸ்கட்டுக்கும் ஆறிய பிஸ்கட்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது.

இந்த உலர்த்தும் கலையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றவர்கள் தூத்துக்குடி பேக்கரிக்காரர்கள். அங்கே மக்ரூனில் மைதாவும் இல்லை, நெய்யும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவைக்கிறார்கள். வேகவைப்பது என்பதைவிட ஈரத்தை வெளியேற்றுவது என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையிலும் பழைய பெருமை ஒன்று உண்டு: பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு வந்த மாம்பள்ளி பாபு என்பவர் 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். நான்கட்டாய் என்றால் குஜராத்தின் சூரத் நகரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வட இந்திய ஊர்கள் பலவற்றில் வீட்டிலிருந்து மாவும் நெய்யும் சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுத்து, பேக்கரி அடுப்பில் கூலிக்கு பிஸ்கட் சுட்டு வாங்கிவரும் வழக்கம் இருந்துவருகிறது. என்ன பொருள் உள்ளே போகிறது என்பதை வீட்டுக்காரர்களே தீர்மானிக்கும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

கடை பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறத்தை ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பெரும்பாலான பாக்கெட்டுகளில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முன்வரிசையில் நிற்கும். வெண்ணெயோ முந்திரியோ அட்டைப்படத்தில் பெரிதாக இருந்தாலும், உள்ளே அதன் விழுக்காடு எவ்வளவு என்பது சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். பேக்கரிகளில் எடைபோட்டு விற்கும் பிஸ்கட்டுகளில் வனஸ்பதி சேர்ப்பது நெடுங்காலப் பழக்கம். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும், வனஸ்பதி போன்றவற்றில் உருவாகி இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருப்பது நல்ல மாற்றம்.

அதற்காக, வீட்டில் செய்தது என்பதால் கணக்கில்லாமல் தின்னலாம் என்று நான் சொல்லமாட்டேன். மேலே கொடுத்த அளவில் ஒரு பிஸ்கட்டுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல் நெய்யும், 3 கிராம் சர்க்கரையும் வருகின்றன; ஏறத்தாழ 75 முதல் 80 கலோரி. மாலைத் தேநீரோடு இரண்டு என்பது நியாயமான அளவு. வீட்டில் செய்வதன் பயன், நல்ல நெய்யைப் போட்டோம், நாமே சர்க்கரையை அளந்தோம், நிறமோ செயற்கை மணமோ சேர்க்கவில்லை என்ற தெளிவுதான். சர்க்கரையை 45 கிராம் வரை தாராளமாகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் மொறுமொறுப்பும் சேர்ந்து குறையத் தொடங்கும்.

மைதாவே வேண்டாம் என்கிறவர்களுக்குக் கோதுமை மாவு கைகொடுக்கும். ஆனால் அதில் உள்ள தவிடு நெய்யை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் 5 முதல் 10 கிராம் நெய் கூடுதலாகத் தேவைப்படலாம்; பிஸ்கட்டும் சற்று அடர்த்தியாக இருக்கும். பாதி மைதா, பாதி கோதுமை என்பது சுவைக்கும் மனநிறைவுக்கும் ஒத்துவரும் நடுவழி. கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. கடினமாகிவிடுமோ என்ற பயம் அங்கே கிடையாது; பொடிந்து போய்விடுமோ என்பதே அங்கே கவலை. மாவைப் பச்சை வாடை போகும்வரை வெறும் சட்டியில் வறுத்து, முற்றிலும் ஆறவைத்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கோதுமை மாவைச் சேர்த்துக்கொண்டால் உருண்டை பிடிபடும். கேழ்வரகு பிஸ்கட் வெந்ததை நிறத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது என்பதால் கடிகாரத்தையும் மணத்தையும் மட்டுமே நம்ப வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டித் தூளும் வெள்ளைச் சர்க்கரையைவிட ஈரம் கூடியவை. தாளில் பரப்பி வெயிலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, சலித்த பின்புதான் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தாலும் கருப்பட்டி பிஸ்கட் நாலைந்து நாளில் நமத்துப்போகத் தொடங்கும். குறைவாகச் செய்து விரைவில் தீர்த்துவிடுவதே சரி. சுக்குத் தூள் கால் தேக்கரண்டி சேர்த்த கருப்பட்டி பிஸ்கட்டுக்கு ஈடாக எந்தக் கடை பிஸ்கட்டையும் நான் சொல்லமாட்டேன்.

இனிப்பு வேண்டாதவர்களுக்குக் கார பிஸ்கட் இருக்கிறது. பெங்களூரு ஐயங்கார் பேக்கரிகளில் பெயர்பெற்ற இதை வீட்டில் செய்வதும் எளிதே. மைதா 150 கிராம், உப்பு போடாத வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை 10 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 2, ஒரு சிறு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா இரண்டு சிட்டிகை. இங்கே தயிர் உள்ளே வருகிறதே என்று கேட்கலாம். சோடாவுக்கு வேண்டிய புளிப்பைத் தயிர் கொடுக்கிறது. அந்தச் சிறிதளவு ஈரம், வெட்டியெடுக்கும் மாவு திரள்வதற்கும் போதுமானது. மற்ற ஈரம் எதையும் அனுமதிக்கக்கூடாது. கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கழுவியபின் துணியில் உலர்த்தி, நறுக்கிய மிளகாயின் விதையையும் நீரையும் ஒற்றியெடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அரைத்து விழுதாகப் போட்டால் பிஸ்கட் பிறகு எவ்வளவு நேரம் வெந்தாலும் நடுப்பகுதி நமத்தே இருக்கும். இதற்குச் சூடு 150 டிகிரி, நேரம் 20 முதல் 25 நிமிடம். ஓரங்கள் பொன்னிறமாகி, கறிவேப்பிலைத் துணுக்குகள் கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

செய்து முடித்த பிஸ்கட்டுக்கும் எதிரி ஈரம்தான். நான் வசிப்பது கடலோர ஊர் என்பதால் ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து வைத்த பிஸ்கட் ஒரே இரவில் நமத்துப்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முழுவதும் ஆறியபின், துடைத்து வெயிலில் காயவைத்த எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ அடுக்கி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளே வேர்க்கும் நீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கார பிஸ்கட்டையும் இனிப்பு பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் போடக்கூடாது. நெய் மற்றதன் வாடையை இழுத்துக்கொள்ளும். இப்படி வைத்தால் நெய் பிஸ்கட் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். இடையில் நமத்துவிட்டால் 130 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, மீண்டும் ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

விரைவு என்பதையே முதன்மையாகக் கருதுகிறவர்கள் மாவை இரட்டிப்பாகச் செய்து, பாதியை இரண்டு விரல் பருமனுள்ள நீள உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் இறுகச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையும் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். ஒரு மாதம் வரை அது கெடாது. விருந்தினர் வருவது தெரிந்தவுடன் அடுப்பைச் சூடேற்ற வைத்துவிட்டு, உருளையை வெளியே எடுத்து 5 நிமிடம் கழித்து, கூர்மையான கத்தியால் அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி நேராகத் தட்டில் அடுக்கலாம். முழுவதும் இளகும்வரை காத்திருக்கக்கூடாது. இளகினால் கத்தி பட்டவுடன் வில்லை நசுங்கும். ஃபிரீசரிலிருந்து வந்த மாவுக்கு வேகும் நேரத்தில் இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.